எந்தக் கரை வேணும்

டிக்கோயாவில் பட்டப்பகலிலேயே பனிமூட்டம். ஆசிரியர் விடுதி யன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு மறைந்துவிட்டது. தொழிற்சாலையிலிருந்து கொழுந்து வாடும் வாசனை மட்டும் வருகிறது. கேதீஸ்வரி ரீச்சர் கம்பளிச் சால்வைக்குள் ஒடுங்கி, தொலைபேசியைக் காதில் அழுத்தியிருக்கிறாள். கனடாவிலிருந்து மகன் ஜெயதீபன். அம்மாவைக் கரீபியன் கப்பலில் கூட்டிப்போகிறானாம். கப்பல் நிற்கும் தீவில் எந்தக் கடற்கரைக்குப் போவதென்று அவள்தான் சொல்ல வேண்டுமாம். அவன் அனுப்பிய வழவழப்பான புத்தகம் மடியில் விரிந்திருக்கிறது. நீலத் தண்ணீர், வெள்ளை மணல், சாய்வு நாற்காலியில் அன்னம்போல் மடித்து வைத்த துவாய். "நடுவில இருக்கிறதை எடுப்பம் அம்மா. அது பீச் கிளப். காசு கட்டின ஆக்களைத் தவிர ஒருத்தரும் உள்ளுக்கு வரேலாது."

அவளுடைய விரல் அந்த மணலிலேயே நின்றுவிடுகிறது. வடக்கே மயிலிட்டியில் அவள் பிறந்த வீட்டுப் படலையிலிருந்து கடல் கூப்பிடு தூரம். சண்டைக்குப் பயந்து ஓடிவந்த பிறகு அங்கே இராணுவத்தின் முள்கம்பி. இப்போது சமாதானம் என்கிறார்கள். போன மாதம் பார்க்கப் போனவளைக் காவலுக்கு நின்றவன் மாட்டை ஓட்டுவதுபோல் கையாட்டித் திருப்பி அனுப்பினான். புத்தகத்தை மூடுகிறாள். "ஒருத்தரும் உள்ளுக்கு வரேலாத கரை எங்களிட்டையே ஒண்டு இருக்குது தம்பி," என்கிறாள், குரலை உயர்த்தாமல். "எவ்வளவு கட்டினால் என்னை அதுக்குள்ள விடுவாங்கள் எண்டு முதல்ல கேட்டுச் சொல்."