ரேடியோவுக்குப் பக்கத்து நாற்காலி

"ஐயோ அக்கா, பாத்துட்டியா? யார்கிட்டயும் சொல்லிடாதே!"

ஈர்க்குச்சி பதறிக்கொண்டு தன் தட்டைக் கையால் மூடினாள். காலையிலிருந்து அவள் கட்டிய தூண்டில் பூச்சிகள் தட்டில் கிடந்தன. ஒன்றுகூட உருப்படியில்லை.

வலப்பக்கத்து நாற்காலியிலிருந்து ரேடியோ அக்கா எட்டிப் பார்த்தாள். அவள் காதில் விழுந்த எதுவும் அடுத்த நிமிஷம் கூடம் முழுக்கக் கேட்டுவிடும் என்பதால் வந்த பேர் அது.

"என்னடி இது? கவுதாரி இறகு ரெண்டு சுத்துக்கு மேல போகக்கூடாதுன்னு தெரியாதா? நாலு சுத்து சுத்தித் தொடப்பக்கட்டை ஆக்கி வெச்சிருக்கே. இதை மீன் கடிக்காது, எடுத்து வீட்டைக் கூட்டும்."

"கை சொன்ன பேச்சு கேக்கலக்கா."

"நரம்பையும் ஊற வெக்காம சுத்தியிருக்கே. பாரு, வெடிச்சு நிக்குது."

"சூப்பர்வைசர் காதுக்குப் போச்சுன்னா என் சீட்டு கிழிஞ்சிரும். உன் கால்ல விழறேன்க்கா."

"சரி சரி, மொதல்ல மூஞ்சியத் தொடை."

எங்கோ பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவர்களுக்காகத் தூண்டில் முள்ளில் பொய்ப் பூச்சி கட்டும் கூடம் அது. மயிலிறகின் இழையைச் சுரண்டி எடுத்த நரம்பு, பூச்சிக்கு உடம்பு. கவுதாரியின் மெல்லிறகு, கால். ஊதினால் பறக்கிற சரக்கு என்பதால் மின்விசிறி கிடையாது. ஜன்னல்களை ஆணி அடித்தே மூடியிருந்தார்கள். வேர்வை சொட்டாமலிருக்க நெற்றியில் துணி கட்டிக்கொண்டு, மூச்சைக்கூட முகத்தைத் திருப்பித்தான் விட வேண்டும்.

போதாக்குறைக்கு ரேடியோ இடக்கைக்காரி. முள்ளைக் கவ்விப் பிடிக்கும் அவளுடைய இடுக்கி எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். இருவரும் நூல் சுற்றத் தொடங்கினால் இவள் வலது முழங்கையும் அவள் இடது முழங்கையும் முட்டிக்கொண்டே இருக்கும்.

ஈர்க்குச்சி நெற்றித் துணியை அவிழ்த்து, முகம் துடைக்கிற சாக்கில் சிரிப்பை மறைத்தாள். சொல்லாதே என்று கெஞ்சினால் ரேடியோவுக்கு நாக்கு நிற்காது. அதற்காகத்தான் இந்தக் கூத்து.

ஊரின் மறுகோடியில் மாமா வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். திங்கட்கிழமையிலிருந்து வந்து பழகிக்கொள் என்று சொல்லிவிட்டார். கூரையில்லாத முற்றம். வெயில் சுடும், நெருப்பு தெறிக்கும், ஆனால் நிமிர்ந்தால் வானம் தெரியும்.

நடுவில் குறுக்கே நின்றவன் அண்ணன். இதே கம்பெனியில் வண்டி ஓட்டுகிறான். "நீயா வேலையை விட்டேன்னா முதலாளி என் தலையை உருட்டிருவாரு. அவங்களா வேணாம்னு அனுப்பினா எங்க வேணா போ," என்று முடிவாகச் சொல்லிவிட்டான்.

அதனால்தான் இந்த வாரம் முழுக்க ஈர்க்குச்சி துடைப்பம் கட்டினாள். கட்டியதை ஒளிப்பதுபோல் ரேடியோவின் கண்ணில் படவைத்து, தினமும் காலில் விழுந்தாள்.

சாயங்காலம் மற்றவர்கள் போன பிறகு, எல்லாத் தட்டிலும் பூச்சியின் தலைக்கு வார்னிஷ் தொட்டு வைப்பது ரேடியோவின் பொறுப்பு. முடித்துவிட்டு சூப்பர்வைசரோடுதான் கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்புவாள். போகிற வழியில் அந்த வாய் சும்மாவா இருக்கும்?

சனிக்கிழமை சூப்பர்வைசர் கையில் ஒரு தட்டோடு வந்து நின்றார்.

"ஈர்க்குச்சி, எழுந்திரு."

கூடத்தில் அத்தனை தலையும் நிமிர்ந்தது. ஈர்க்குச்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டே எழுந்தாள்.

"இந்த வாரம் உன் தட்டு இருக்கே…" அவர் இழுத்தார். "கண்ணுல ஒத்திக்கலாம்! முதலாளியே பாத்து அசந்துட்டாரு. உன் அண்ணனைக் கூப்பிட்டு, இந்தப் பொண்ணை எங்கயும் அனுப்பிடாதேன்னு சொல்லிட்டாரு. அவனும் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டான்."

எல்லாரும் கை தட்டினார்கள். தட்டிய காற்றில் இறகுகள் எழும்ப, "மெதுவாடி, சரக்கு பறக்குது!" என்று யாரோ கத்தினார்கள்.

ஈர்க்குச்சி தட்டைப் பார்த்தாள். இரண்டே சுற்று இறகு. வெடிப்பில்லாத நரம்பு. ஒன்றை எடுத்து விளக்கடியில் பிடித்தாள். உடம்பின் வரிகள் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. இவள் கையால் அப்படிச் சுற்ற வராது.

பை தோளிலிருந்து நழுவியது. மெல்லத் திரும்பினாள்.

ரேடியோவின் இடக்கை ஆள்காட்டி விரலில் ஒரு துணி சுற்றியிருந்தது. நூல் அறுத்த இடத்தில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

"தினம் அத்தனையும் பிரிச்சு மறுபடி கட்டறதுக்குள்ள விரலே கழண்டுபோச்சு," என்று கிசுகிசுத்தபடி முழங்கையால் இடித்தாள் ரேடியோ. "ஏன் இவ்வளவு நேரம்னு அந்த ஆளு தொளைச்செடுத்தாரு. வார்னிஷ் காயலேன்னு சமாளிச்சேன்."

ரேடியோ ஈர்க்குச்சியின் கன்னத்தைத் தட்டிவிட்டுக் காதருகே குனிந்தாள்.

"பொறந்ததுலேர்ந்து மொதத் தடவையா வாய மூடிக்கிட்டு இருந்தேன்டி."