சுந்தரலிங்கத்தின் மூன்று கார்கள்

“அப்பா, இந்தக் காருங்க எல்லாம் நம்மளோடதா?”

விதுஷா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. இரத்தோட்டை வீதியில், மிளகு ஸ்டோருக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் மஞ்சள், சிவப்பு, நீலம் என்று மூன்று வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் தரையோடு தரையாகப் படுத்திருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டே இருக்கைகள்.

மஞ்சள் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அப்பா சுந்தரலிங்கம் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள், பழைய சாரமும் பனியனுமாகக் குந்தியிருந்து டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த யஹ்யா முந்திக்கொண்டார்.

“உங்கப்பா சாவி எடுக்காட்டி இதுல ஒண்ணாச்சும் அசையுமா புள்ள?”

“அசையாது.”

“அப்ப யாருட கார்?”

“அப்பாட!”

“அவ்வளவுதான்.”

அன்றிலிருந்து அந்த நம்பிக்கையில்தான் அவள் வளர்ந்தாள். சனிக்கிழமைகளில் அப்பா காரை எடுப்பார். அவள் பக்கத்தில் ஏறிக்கொள்வாள். யஹ்யா மாமா ஓடிப்போய்க் கேட்டைத் திறந்துவிட்டு, கார் வளைவில் மறையும்வரை கையசைப்பார்.

ஏழாம் வகுப்பில் வந்தது வினை. ‘என் அப்பாவின் கார்கள்’ என்று அவள் எழுதிய கட்டுரைக்கு முதல் பரிசு கிடைத்தது.

“கட்டுரையிலயும் மொதலாவது, புளுகுலயும் மொதலாவது!” என்றாள் வகுப்புத் தோழி தர்ஷிகா. “ரெண்டு ரூம் வீட்டுக்கு மூணு காராம்! கதவு மேல போகுமாம்! பரிசளிப்புக்கு உங்கப்பா அதுல வரட்டும், பாப்போம்.”

விதுஷா அழுதுகொண்டே கொட்டகைக்கு வந்தாள்.

“கார் வேணாம் மகள். அப்பா பஸ்ல வர்றேனே” என்றார் சுந்தரலிங்கம்.

“பஸ்ல வந்தா என்னைப் புளுகினுதான் சொல்லுவாங்க. நான் இனிமே ஸ்கூலுக்கே போகல!”

யஹ்யா கையிலிருந்த பிளேன்டீயைக் கீழே வைத்தார். “மஞ்சளை எடுங்க சுந்தரம். ஸ்கூல் வாசல்ல இருக்குற ஹம்புக்குப் பலகை போட நானும் வாறேன்.”

“யஹ்யா நானா, அது சரியில்ல.”

“சரி பிழையெல்லாம் பொறகு பார்ப்போம். புள்ளட கண்ணைப் பாருங்க மொதல்ல.”

பரிசளிப்பு நாளன்று மாத்தளையில் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாடசாலை வாசலிலேயே ஒரு வேகத்தடை. அதில் ஏறினால் காரின் வயிறு உரசும். வெள்ளைச் சட்டை போட்டிருந்த யஹ்யா சேற்றில் இறங்கிப் பலகைகளைப் போட்டார்.

“நானா, இடது பக்கம் கொஞ்சம் தள்ளுங்க! இன்னும் கொஞ்சம்! ஆ, போதும், போதும்!” உள்ளேயிருந்து சுந்தரலிங்கம் கத்தினார்.

கார் ஆமைபோல ஏறி இறங்கியது. கதவு இறக்கைபோல மேலே எழும்பியது. உள்ளேயிருந்து சுந்தரலிங்கம் குனிந்து, நெளிந்து, ஒருவழியாக வெளியே வந்தார்.

“அடியே, மெய்யாவே மேல போகுதுடி!” என்று தர்ஷிகா அலறினாள்.

விதுஷாவுக்கு மேடையில் வாங்கிய பரிசைவிட அந்த அலறல்தான் இனித்தது.

விழா முடிந்ததும் கட்லட்டும் கேக்கும் கொடுத்தார்கள். யஹ்யா மாமா உள்ளே வரவில்லை, வாசலில் காருக்குக் காவல் நின்றார். அவருக்காக ஒரு தட்டை எடுத்துக்கொண்டு விதுஷா போனாள். அங்கே கோட் போட்ட பெரியவர் ஒருவர் யஹ்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார். அவர் கேட்ட கேள்வியும், யஹ்யா குரலைத் தாழ்த்திச் சொன்ன பதிலும் மதிலுக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டன.

அவள் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள். பெரியவர் போகும்வரை காத்திருந்தாள். பிறகு அப்போதுதான் வருகிறவள்போல ஓடிவந்து, தட்டை இரண்டு கைகளாலும் நீட்டினாள்.

“நல்லா சாப்பிடுங்க மாமா.”

“நீங்க சாப்பிட்டீங்களா புள்ள?”

தலையை மட்டும் ஆட்டினாள்.

புறப்படும் நேரம் வகுப்பே காரைச் சுற்றி நின்றது. இந்த நிமிடத்துக்காகத்தான் அவள் ஒரு வாரமாகத் தூங்காமல் கிடந்தாள். எல்லோரும் பார்க்க, அந்தக் கதவு மேலே எழும்ப, அவள் ஏறி உட்கார வேண்டும்.

“ஏறுங்க புள்ள” என்றார் யஹ்யா. “ரெண்டு சீட்டுதானே, நான் பஸ்ஸைப் புடிச்சி வந்துருறேன்.”

விதுஷா சேறு படிந்த அவர் சட்டையைப் பார்த்தாள்.

“இல்ல மாமா, நீங்க ஏறுங்க. எனக்கு இதுல ஏறினா வாந்தி வரும்.”

“வாந்தியா? எப்ப இருந்து?” என்றார் அப்பா.

“இப்ப இருந்துதான்.”

“சொந்தக் கார்ல ஏற வாந்தி வருதாம்!” தர்ஷிகா சிரித்தாள். மற்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். விதுஷா அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

“தினமும் போற பஸ்தானே அப்பா. நான் வந்துருவேன்.”

யஹ்யா தயங்கித் தயங்கி ஏறினார். “கவனமா வாங்க புள்ள” என்றார்.

இரத்தோட்டை பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. விதுஷா ஒரு கையில் கம்பியையும் மறு கையில் பரிசையும் பிடித்துக்கொண்டு நின்றாள். வாந்தி என்று சொன்ன பொய்யை மன்னித்துவிடும்படி முத்துமாரியம்மனிடம் மனதுக்குள் கேட்டுக்கொண்டாள்.

அப்போது மஞ்சள் கார் உறுமிக்கொண்டு பஸ்ஸை முந்தியது. அதில், மாதச் சம்பளத்துக்கு ஓட்டும் அவளுடைய அப்பாவுக்குப் பக்கத்தில், மூன்று கார்களுக்கும் சொந்தக்காரரான யஹ்யா ஹாஜியார் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.