கத்தி படாத உடம்பு

"என் பொண்ணு மேல கத்தி பட்டுது, அப்புறம் நடக்கிறதே வேற!"

வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார் அப்பா. கட்டிலில் அவருடைய ஆறு வயது மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள்.

"குடல்வால் வீங்கியிருக்கு. இன்னிக்கே ஆபரேஷன் பண்ணலைன்னா உள்ளேயே வெடிச்சிடும். புரியுதா?" என்றாள் டாக்டர். வேலைக்குப் புதிது, முகத்தில் இன்னும் கோபத்தை ஒளிக்கத் தெரியாது.

"படைச்சவன் தைச்சு அனுப்பின உடம்பு. பிரிக்க நீங்க யாரு?"

ஒப்பித்துவிட்டு, பக்கத்தில் நின்ற பெரியவரைப் பார்த்தார் அப்பா. அவர்களுடைய பிரார்த்தனைக் கூட்டத்தின் தலைவர் அவர். வழவழவென்று சவரம் செய்த முகத்தை ஆட்டி ஆமோதித்தார்.

"உங்க பெரியவர் மூஞ்சியில மட்டும் கத்தி படலாமா?"

பெரியவர் கோபப்படவில்லை. அந்த வேலைக்குத்தான் ஆள் கூட்டி வந்திருக்கிறாரே!

"நாங்க சம்மதிக்க மாட்டோம். மீறி அறுத்தா பாவம் உங்களுக்கு. எங்களுக்கில்லை," என்றார் சாந்தமாக.

"கேட்டீங்கல்ல?" அப்பா துள்ளினார். "முடிஞ்சா கோர்ட்டுக்குப் போங்க! ஆஸ்பத்திரிக்குப் பின்னாடிதானே இருக்கு? மாடியில குழந்தைங்க கேஸுக்குன்னே ஒரு ஜட்ஜம்மா இருக்காங்களாமே, அவங்க கால்ல போய் விழுங்க! சாயங்காலமானா வீட்டுக்குக் கிளம்பிடுவாங்க. ஓடுங்க, ஓடுங்க!"

டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நர்ஸ் அறைக்குள் போய்க் கதவை அறைந்து சாத்தினாள்.

"மனுஷனா சிஸ்டர் அவன்? பெத்த புள்ள துடிக்குது, நின்னு வக்கணை பேசறான்."

"அந்தக் கூட்டமே அப்படித்தான் டாக்டர். போன வருஷம் ஒரு அப்பா ஆபரேஷனுக்கு ஒத்துக்கிட்டார். புள்ள பிழைச்சிடுச்சு. ஆனா பொண்டாட்டி, புள்ள ரெண்டு பேரையும் கூட்டத்து ஆளுங்க பிரிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. இன்னும் அவர் கண்ணுலயே காட்டலை."

"அதுக்காகப் புள்ளையைச் சாகக் கொடுப்பாங்களா? தூ!"

மத்தியானம் மறுபடி போய்க் கெஞ்சிப் பார்த்தாள். அம்மாக்காரி சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாளே தவிர வாயைத் திறக்கவில்லை. அப்பா திறந்த வாயை மூடவில்லை.

"இன்னும் இங்கேயேதான் நிக்கிறீங்களா? கோர்ட்டுக்குப் போக வக்கில்லையா? இல்ல, மாடிப்படி ஏற முடியாதா?"

பெரியவர் புன்னகைத்தார். கூட வந்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். குழந்தை முனகியது.

அந்தச் சிரிப்புதான் டாக்டரைக் கிளப்பிவிட்டது. "இவன் மூஞ்சியில கரியைப் பூசறேன் பாருங்க சிஸ்டர்" என்று, பெரிய டாக்டரையும் இழுத்துக்கொண்டு கோர்ட்டுக்கு ஓடினாள்.

ஜட்ஜம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பையைக் கீழே வைத்தார்.

உத்தரவும் வந்தது, கூடவே போலீஸும் வந்தது.

அப்பா ஆடிய ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே! ஸ்ட்ரெச்சரை மறித்தார். மாரில் அடித்துக்கொண்டார். டாக்டரின் பரம்பரைக்கே சாபம் விட்டார். போலீஸ்காரர் ஒரு கையால் தள்ளியதும் பொத்தென்று விழுந்தார்.

"உன்னால ஆனதை நீ பண்ணிட்டே. பாவம் உன் மேல இல்லை," என்று பெரியவர் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார். அதோடு அவருக்கு வேலை முடிந்தது. குழந்தை பிழைக்குமா என்றுகூடக் கேட்காமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்தபோது, கதவருகே அப்பா நின்றிருந்தார்.

"பிழைச்சிட்டா. உங்க புண்ணியத்துல இல்ல," என்றாள் வெறுப்போடு. "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா வெடிச்சிருக்கும். நீங்கல்லாம் ஒரு அப்பா!"

அவர் வராந்தாவில் வேறு யாரும் இல்லையே என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். பிறகு டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். அடக்கி வைத்திருந்த அழுகை உடைந்து வந்தது.

"காலையிலேர்ந்து எத்தனை தடவைதான் உங்களுக்கு வழி சொல்றது, டாக்டரம்மா?"