கியர்பொக்ஸ் சாட்சியாக

பம்பலப்பிட்டிச் சந்திக்கு முன்னால் துஷ்யந்தி காரின் ஹீட்டரை முழுதாகத் திருகினாள்.

கொழும்பு வெயிலில், கண்ணாடி மூடிய காருக்குள், ஹீட்டர்.

அவள் கல்யாணச் சேலையோடு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாள். நான், மாப்பிள்ளை ராகுலன், பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாகப் பக்கத்தில் இருந்தேன். பின்னால், தாலித்தட்டை மடியில் வைத்தபடி ஐயர். அந்த ஸ்போர்ட்ஸ் காரின் பின் இருக்கை கைப்பை வைப்பதற்காகச் செய்தது. ஐயர் கைப்பையை விடக் கொஞ்சம் பெரியவர்.

பொம்பிளை போய் மாப்பிள்ளையை ஏற்றி வரும் வழக்கம் எங்கள் ஆட்களிடம் இல்லை. என்னையும் ஐயரையும் ஏற்றி வந்த வான் புறக்கோட்டையில் புகைவிட்டுப் படுத்துவிட்டது. செய்தி கேட்டதும், வெள்ளவத்தை மண்டபத்தில் அலங்காரம் முடித்து இருந்தவள் தானே புறப்பட்டுவிட்டாள். அவளுடைய அம்மா அழுதாராம்.

"பறக்கிற கார் இருக்கேக்க ஏனம்மா அழுறியள்?" என்று கேட்டுவிட்டு வந்தாளாம்.

பறக்கிற கார்தான். காலி வீதியின் நெரிசலில் அதற்குப் பறக்க இடமில்லை, அவ்வளவுதான்.

அதன் கியர்பொக்ஸில் இரண்டு கிளச். ஒன்று விடும்போதே மற்றது பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பாய்ச்சல். ஆனால் நெரிசலில் ஊர்ந்தால் கிளச் அரைகுறையாகப் பிடித்து உரசிக்கொண்டே இருக்கும். உரசினால் சூடு. சூடு கூடினால் கியர் விழாது. கிராண்ட்பாஸ் கராஜில் மெக்கானிக் நப்ரீஸ் நானா இதைச் சொன்ன நாளிலிருந்து துஷ்யந்தி ஊர்ந்ததே இல்லை. முன்னால் ஒரு பஸ் அளவு இடைவெளி விழும்வரை பிரேக்கை இறுக்கி மிதித்தபடி நிற்பாள். விழுந்ததும் ஒரே போக்கு.

கொழும்பில் பஸ் அளவு இடைவெளி என்பது ஓட்டோக்காரர்களுக்கு வைக்கும் அழைப்பிதழ். நாங்கள் விட்ட இடத்தில் மூன்று ஓட்டோக்கள் புகுந்தன. அவள் மறுபடி காத்திருந்தாள். மறுபடி புகுந்தன. ஊரே எங்களைத் தாண்டி வெள்ளவத்தைக்குப் போய்க்கொண்டிருக்க, கல்யாணம் கட்ட வேண்டிய நாங்கள் இடைவெளி காத்துக்கொண்டிருந்தோம்.

அப்படியும் சூடு ஏறிவிட்டது. திரையில் சிவப்பு எழுத்து வந்தது. நிறுத்திக் குளிர விடவேண்டுமாம். எஞ்சின் தண்ணீர்தான் கியர்பொக்ஸையும் குளிர வைக்கிறது, ஹீட்டர் போட்டால் அந்தச் சூடு உள்ளே வந்துவிடும் என்றாள்.

வந்தது. என் நெற்றிச் சந்தனம் மூக்கு வழியாக இறங்கி உதட்டில் நின்றது. ஐயர் பின்னால் ஏதோ முணுமுணுத்தார். மந்திரமாகத் தெரியவில்லை.

முகூர்த்தம் முடியப்போகிறது. இதை விட்டால் எங்கள் சாதகங்களுக்குத் தை மாதம்வரை நாள் இல்லை. தை வருவதற்குள் அவளுடைய அப்பா மனம் மாறிவிடுவார். இந்த நாளுக்கே அவரைக் கெஞ்சிக் கூத்தாடித்தான் சம்மதிக்க வைத்திருந்தோம்.

"ஓட்டோவில போவமா?" என்றேன்.

"இதை நடு றோட்டில விட்டிட்டோ?" என்றாள்.

சொல்லிவிட்டுத் திரையில் கியர்பொக்ஸ் சூட்டின் எண்ணை மறுபடி பார்த்தாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவள் இத்தனை தரம் சூடு பார்த்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு ஒரு கியர்பொக்ஸின் மேல் பொறாமை வந்தது.

ஐயர்தான் பொறுமை இழந்தார். "பிள்ளையள், கொட்டாஞ்சேனையில எனக்கு அடுத்த முகூர்த்தம் கிடக்கு. தாலியும் இஞ்ச, மாப்பிள்ளையும் இஞ்ச, பொம்பிளையும் இஞ்ச. பிறகென்ன?"

"அக்கினி?" என்றேன்.

அவர் எங்கள் இருவருக்கும் நடுவால் தலையை நீட்டித் திரையைப் பார்த்தார். நூற்று இருபது பாகை சூடு.

"இதுக்குள்ள நெருப்பு எரியுதோ?"

"நெருப்பு எஞ்சினுக்குள்ள. இந்தச் சூடு கியர்பொக்ஸில," என்றாள் துஷ்யந்தி. அந்த நேரத்திலும் பிழையில்லாமல் சொன்னாள்.

"அந்தச் சூடே காணும். கொடி பூட்டும்வரைக்கும் சூடு தணியக்கூடாது. தணிஞ்சால் சாட்சி இல்லை."

மந்திரத்தைத் தொடங்கினார். நான் தாலிக்கொடியை எடுத்தேன். துஷ்யந்தி ஸ்டியரிங் மேல் குனிந்து கழுத்தைக் காட்டினாள். கொடியின் இரு முனையையும் பூட்டும் சுரைத் திருகு வியர்த்த விரலில் வழுக்கியது. மறுபடி பிடித்தேன். மறுபடி வழுக்கியது.

அதற்குள் ஹீட்டர் தன் வேலையைச் செய்துவிட்டது. சிவப்பு எழுத்து மஞ்சளாகி மறைந்தது. எண் இறங்கத் தொடங்கியது.

"இறங்குது, இறங்குது!" என்று மந்திரத்துக்கு நடுவே ஐயர் கத்தினார்.

துஷ்யந்தி ஹீட்டரை அணைத்தாள். எண் அப்படியும் இறங்கியது. முன்னால் வரிசை மெல்ல நகரத் தொடங்கியது. பின்னால் ஹோர்ன். வழக்கம்போல இடைவெளி விழும்வரை நிற்பாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் பிரேக்கிலிருந்து காலைப் பாதி எடுத்தாள்.

கார் ஊர்ந்தது. என் இருக்கைக்குக் கீழே கிளச் உரசி நடுங்குவது தெரிந்தது. கருகிய வாசனை வந்தது. எண் ஏறியது. அவளுடைய கண்ணால் தண்ணீர் ஓடி மை கரைந்தது. பாதியில் நின்ற காலை மட்டும் அவள் அசைக்கவில்லை.

"கெதியாப் பூட்டுங்கோ, ராகுலன்," என்றாள்.

வாழ்க்கையில் யாரும் எனக்காக இப்படி ஒன்றைச் செய்ததில்லை.

சுரை அவள் சொல்லும்போதே பூட்டிக்கொண்டது. நான் சொல்லவில்லை. பூட்டுகிறவன் போல அவள் கழுத்தில் கையை வைத்துக்கொண்டு, மண்டபத்தைத் தாண்டித் தெகிவளைச் சந்தி வந்தாலும் பரவாயில்லை என்று இருந்தேன்.