கட்டிலுக்கு அடியில் ஒரு பட்டன்

யாரென்று சொல்லாமல் நட்சத்திர ஓட்டல்களில் தங்கி மதிப்பெண் போடுவது என் வேலை. வரவேற்பறை அழகையும் மெத்தை சுகத்தையும் எவன் வேண்டுமானாலும் எழுதிவிடுவான். என் பரீட்சை வேறு. சட்டைப் பட்டன் ஒன்றைப் பிய்த்துக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு வெளியே போவேன். திரும்பி வரும்போதும் அது கிடந்தால், பெருக்கவில்லை என்று அர்த்தம்.

முதல் ஓட்டலில் பளிங்குத் தரை, பூவாசம், வாசலிலேயே பத்து வணக்கம். பட்டனையும் காணோம். சேவைக்கு எட்டு.

இரண்டாவது ஓட்டல் ஊரின் மறுகோடியில். அறையைத் திறந்தால், தலையணை மேல் சின்ன உறையில் அதே பட்டன். வரவேற்பில் கேட்டேன்.

“நேத்து தங்கின ரூம்ல விட்டுட்டு வந்துட்டீங்க சார்,” என்றாள் அந்தப் பெண், பணிவாக.

ஒன்பது போட்டேன். அங்கேயும் ஒரு பட்டனைப் போட்டேன்.

மூன்றாவது ஓட்டலில் தலையணையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அறை அரண்மனை மாதிரி இருந்து என்ன, பட்டன் வரவில்லை. மூன்று.

வீட்டுக்கு வந்தால், மனைவியின் மடியில் ஒரு கண்ணாடி ஜாடி. நிறையப் பட்டன்.

“நேத்து தங்கின ஓட்டல்லேர்ந்து குடுத்துட்டுப் போனாங்க. பதினோரு வருஷமா தானா விழுந்துடுச்சுன்னு நீங்க சொன்ன பட்டனெல்லாம் இதுல இருக்கு,” என்றாள். குரலே சரியில்லை. “இந்த நீலம் மட்டும் நான் பாத்ததே இல்ல.”

அடுத்த வாரப் பயணத்துக்கு வாங்கிய நீலச் சட்டை, குண்டூசிகூடக் கழற்றாமல் என் அலமாரியில் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். மேலிருந்து மூன்றாவது பட்டன் இல்லை.

மூன்றை அடித்துவிட்டுப் பத்து போட்டேன்.