எறும்பு தள்ளினாலும் போகும் வண்டி

“கொஞ்சம் அழுத்தித் தள்ளினாத்தான் நகரணும் அண்ணாச்சி. அப்படி மாத்திக் குடுங்க” என்றாள் பொன்செல்வி.

பரமேஸ்வரன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். தென்காசியில் மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் அவரிடம், இரண்டு வருஷமாக அவள் கேட்டு வந்ததெல்லாம் இதற்கு நேர்மாறு.

அவளுடைய ஒரே மகன் ஜெஸ்வினுக்குத் தசை கரைகிற நோய். அவனுடைய பேட்டரி நாற்காலியைக் கையால் ஓட்டுகிற ஸ்டிக்கை முழுக்கத் தள்ளினால் நாலு வோல்ட் வரும். அது வந்தால்தான் மோட்டார் முழு வேகம் எடுக்கும். கை தளரத் தளர அந்த நாலு மூன்றரையாயிற்று, மூன்றாயிற்று. ஒவ்வொரு தடவையும் பரமேஸ்வரன் உள்ளே இருக்கும் குட்டித் திருகைத் திருப்பி, அவனால் முடிந்த தள்ளலையே மோட்டாருக்கு முழுத் தள்ளலாகக் காட்டிக் கொடுப்பார். பிறகு வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்துதான் அடுத்த வேலையைத் தொடுவார்.

போன தடவை அவனால் தள்ள முடிந்தது ஒற்றை விரலால்தான். “இனி எறும்பு தள்ளினாலும் போயிரும் மாமா” என்று சிரித்தவன் அவன். முகத்தைத் திருப்பிக்கொண்டவர் இவர்.

இன்று லோடு ஆட்டோவில் நாற்காலி மட்டும் வந்திருந்தது. குற்றாலத்துச் சாரல் தென்காசி வரைக்கும் தூறிக்கொண்டிருந்தது. பிள்ளை நனைய வேண்டாமென்று விட்டுவிட்டு வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டார்.

திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, மீட்டரை வைத்து ஸ்டிக்கைத் தள்ளினார். கடைசி வரை தள்ளிய பிறகுதான் நாலு காட்டியது. அதை இன்னொரு தடவை தள்ளிப் பார்த்துக்கொண்டார்.

கால் வைக்கிற பலகையையும் நாலு விரற்கடை மேலே ஏற்றி மாட்டச் சொன்னாள். ஏனென்று கேட்கக்கூடத் தோன்றாமல் மாட்டினார். எந்த ஆஸ்பத்திரி, என்ன மருந்து, யார் சொல்லிப் போனீர்கள் என்று அவர் வாய் ஓயவில்லை. பொன்செல்வி ஸ்டிக்கின் ரப்பர் குமிழைப் பெருவிரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“பய கையில பலம் வந்துட்டு, பாத்தியாம்மா. இனி எறும்பு தள்ளினாப் போகாது, ஆளுதான் தள்ளணும்னு மாமா சொன்னேன்னு அவன்ட்ட சொல்லு.”

அவள் குமிழிலிருந்து கையை எடுத்தாள்.

“இலஞ்சியில ஒரு சின்னப் பிள்ளைக்குக் கால் வராது அண்ணாச்சி. வண்டிய அவளுக்குக் குடுத்துரணும்னு சொல்லிட்டுத்தான் அவன் போனான்.”