தோற்காத வாடகைக்காரன்

"அரையிறுதியிலயும் ஜெயிச்சிட்டான்ப்பா. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க" என்றான் மகன். முதியோர் இல்லத்து நாற்காலியின் நுனியில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல உட்கார்ந்திருந்தான்.

கட்டிலில் இருந்த பெரியவரின் முகத்தில், மகிழ்ச்சியா வருத்தமா என்று பிரிக்க முடியாத ஏதோ ஒன்று வந்து போனது.

அந்த ஊரின் டென்னிஸ் மைதானத்தில் முப்பத்திரண்டு வருஷம் புல் வளர்த்தவர் அவர். ஊரில் அவருக்குப் புல்லுக்காரர் என்றே பெயர். பெற்ற பிள்ளையைவிடப் புல்லை ஒழுங்காக வளர்த்தார் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

வருஷா வருஷம் போட்டி வந்துவிட்டால் ஊருக்கே பித்துப் பிடிக்கும். ஹோட்டல்கள் நிரம்பிவிடும். மிச்சமுள்ள ஆட்டக்காரர்களுக்காக, கோழிக்கூட்டைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்து 'அறை வாடகைக்கு' என்று பலகை மாட்டிவிடுவார்கள். எதிர்வீட்டுக்காரிக்கு வந்த ஆசை இந்த வருஷம் மருமகளுக்கும் வந்தது. வீட்டில் காற்றோட்டமான அறை ஒன்றே ஒன்று. அது மாமனாருடையது.

"தோத்த அன்னிக்கே அவன் மூட்டையைக் கட்டிடுவான் மாமா. அதுவரைக்கும்தான்" என்று சொல்லி, மாமனாரின் மூட்டையை அவளே கையோடு கட்டிக் கொடுத்தாள்.

நாலு நாளில் திரும்பிவிடலாம் என்று வந்தவர். இன்றோடு ஒன்பது நாள். பெயர்கூட யாரும் கேள்விப்படாத அந்தப் பையன் தோற்பதாக இல்லை.

மாத்திரையோடு வந்த நர்ஸ் இடுப்பில் கை வைத்தாள். "என்ன தாத்தா, உங்க ஆளு மறுபடி ஜெயிச்சுட்டானா? அவன் தோத்தாத்தானே நீங்க வீட்டுக்குப் போக முடியும்?"

"ஆடுற பையன் தோக்கணும்னு நினைக்கலாமாம்மா? அவனைப் பெத்தவங்க எங்கேயோ உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பாங்க" என்றார் பெரியவர். "எனக்கென்ன, வீட்டுல என் ரூமு ஜன்னலைத் திறந்தா வேப்பங்காத்து வரும். அது ஒண்ணுதான் குறை. இங்க ஜன்னலைத் திறந்தா சமையக்கட்டுப் புகை வருது."

"டிவில பாத்தீங்களா?"

"எங்க? ஏழு பொம்பளைங்க ரிமோட்டைக் கீழ வச்சாத்தானே. பேப்பர் வார்டன் வீட்டைத் தாண்டி வர்றதில்லை. இவன் வந்து சொன்னாத்தான் எனக்குச் செய்தி."

அவர் மகன் பக்கம் திரும்பினார். "நேர்லயே பாத்தியாடா?"

"பின்னே? அவன்தான் பாஸ் குடுத்தானே."

"எப்படி ஆடினான்?"

"சூப்பரா ஆடினான்ப்பா."

"நெட்டுக்கு வந்து ஆடினானா, பின்னாலயே நின்னானா?"

மகன் கொஞ்சம் யோசித்தான். "வந்தான்... போனான். ரெண்டும்தான்."

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். புல்லுக்காரர் பிள்ளைக்கு மைதானத்தின் வாசல் எந்தப் பக்கம் என்பதே இந்த வருஷம்தான் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. அவனுக்கு வங்கி உண்டு, வங்கியை விட்டால் வீடு உண்டு, வீட்டில் மனைவி உண்டு.

"போட்டோ எடுத்தேன்ப்பா, காட்டவா?" என்று மகன் செல்போனை நீட்டினான். "இது ரெண்டாவது ரவுண்டு. இது காலிறுதி. இது நேத்து, அரையிறுதி."

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றையும் வெகுநேரம் பார்த்தார். பையன் ஆடுகளத்தின் பின்கோட்டில் நின்று மட்டையை ஓங்கிக்கொண்டிருந்தான். நர்ஸும் எட்டிப் பார்த்து, "ஆள் வாட்டசாட்டமாத்தான் இருக்கான்" என்றாள்.

"நல்லா எடுத்திருக்கே" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் ஆட்டத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

மகன் தொண்டையைக் கனைத்தான். "ஒரு சின்னச் சிக்கல்ப்பா. அவனோட கோச்சுக்கு நம்ம வீடு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஃபைனல் முடிஞ்சாலும் ஒரு மாசம் இங்கேயே தங்கிப் பயிற்சி எடுக்கணுங்கறார். முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"உனக்கு எப்பவும் இளகின மனசு."

"வார்டனைக் கேட்டா, மாசக் கணக்குல ஃபாரமே இல்லைங்கறார். வருஷக் கணக்குதானாம். பேருக்கு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்." ஃபாரம் சட்டைப் பைக்குள் ஏற்கெனவே மடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளிகூட வைத்திருந்தான்.

பெரியவர் போட்டார். சாட்சிக்கு நர்ஸைப் போடச் சொன்னார்கள். அவளும் போட்டாள்.

"மருமகளை விசாரிச்சேன்னு சொல்லு."

"சொல்றேன்ப்பா. வரட்டா?" மை காய்வதற்குள் மகன் படியிறங்கிவிட்டான்.

"என்ன தாத்தா நீங்க?" என்றாள் நர்ஸ். "ஒரு வருஷம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு, படிக்காமயா கையெழுத்துப் போட்டீங்க? நாளன்னிக்கே ஃபைனல்ல அந்தப் பையன் தோத்து ஊருக்குக் கிளம்பிட்டா என்ன பண்ணுவீங்க?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் நிதானமாகத் துடைத்தார்.

"நான் தலைகீழா நின்னு வளத்தாலும், ஒரு வாரம் ஆடினா பின்கோட்டுப் பக்கம் புல்லு தேஞ்சு மண்ணு தெரியும்மா. அரையிறுதி அன்னிக்கு அந்த இடம் மொட்டையாத்தான் இருக்கும். இவன் காட்டின மூணு போட்டோலயும் அங்க பச்சைப்பசேல்னு இருக்கு. மூணுமே முதல் நாள் எடுத்தது. அதுக்கப்புறம் அந்தப் பையன் ஆடவே இல்ல. அன்னிக்கே தோத்து ஊருக்குப் போயிட்டான். என் ரூமு எட்டு நாளா காலியாத்தான் கிடக்கு."